வாயில்லா உயிர்களும் வருமுன் காக்கும் மருந்தும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இயலும் இசையும் நாடகமும் விளங்கும் இவ்விழா மேடையில், ஆடு மாடு கோழி நாய் ஆகியவற்றின் நோய்களையும் அவற்றைத் தடுக்கும் மருந்துகளையும் பேசுபொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். இது விழாவுக்கு ஏற்ற பொருள்தானா என்று ஐயுறுவோர் உளராகலாம். பரேலி நகரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதனினும் ஏற்ற பொருள் அரிது. நம் நகரை ஒட்டிய இஸ்ஸத்நகரில் இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. வடக்கே சென்றால் குமாவூன் மலைகள். அம்மலைகளில் முக்தேசுவரம் என்னும் சிற்றூரில், 1893 முதல் இன்றுவரை, கால்நடை நோய்களுக்கு மருந்து தேடி வருகிறார்கள். நம் சொந்த ஊர்களில் பாட்டிமார் நாவில் வழங்கும் ஒரு கோழி நோயின் பெயர் இந்த மலைகளிலிருந்து தெற்கே சென்றது. அங்ஙனமே, தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயர் உலகத்து ஆய்வேடுகளில் ஏறியது. அவ்விரு கதைகளையும் பின்னர்ச் சொல்வோம்.

நாம் வலியுறுத்த விரும்பும் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். தடுப்பு மருந்து ஒன்று ஆய்வுக்கூடத்தில் பிறந்துவிட்டால் பாதி வேலையே முடிந்தது. மின்விசை தவறும் கோடையில், கடைக்கோடிச் சிற்றூரில், ஒரே பசுவை வைத்துப் பிழைக்கும் ஏழையின் தொழுவத்தை அது கெடாமலும் காலந்தாழாமலும் சென்றடைய வேண்டும். அந்த மறுபாதியை மறந்தபோதெல்லாம் கால்நடைகள் மடிந்தன. நினைவிற் கொண்டபோதெல்லாம் நோய் மடிந்தது. இதற்குச் சான்றுகளையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

மாடு என்னும் செல்வம்

தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருளுண்டு. வள்ளுவரும் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டுள்ளார். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பசுவினம் 19 கோடிக்கு மேல். எருமை ஏறத்தாழ 11 கோடி. வெள்ளாடு ஏறத்தாழ 15 கோடி. செம்மறி 7 கோடிக்கு மேல். கோழி முதலிய பறவைகள் 85 கோடி.

இப்பெரிய எண்கள் ஒரு பெரும் பண்ணையாரிடம் குவிந்து கிடப்பவை அல்ல. ஒன்றும் இரண்டுமாக, நாலும் ஐந்துமாக, கோடிக்கணக்கான குடிசைகளில் பரந்து கிடப்பவை. நிலமில்லாதவளுக்கு வெள்ளாடே வங்கி. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் மகளின் பேறுகாலச் செலவுக்கும் அவள் அதைத்தான் விற்கிறாள். கோழி அவளுடைய கைச்செலவுப் பணம். ஓரிரவில் ஆறு ஆடுகள் கழிந்து சாயுமாயின், அவளுடைய சேமிப்பு முழுதும் ஓரிரவில் போயிற்று என்பதே பொருள். அதை ஈடு செய்யக் காப்புறுதி வைத்திருப்போர் சிற்றூரில் சிலரே. நோய் வந்தபின் மருத்துவம் செய்ய அவளிடம் பணமும் இல்லை; பல நோய்களுக்கு மருத்துவமும் இல்லை. ஆகவே வருமுன் காப்பது ஒன்றே வழி.

மருந்து பிறந்த கதை

1796-இல் எட்வர்டு ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர், பசு அம்மையின் பாலை மனிதர் உடலில் ஏற்றினால் பெரியம்மை தாக்குவதில்லை என்று காட்டினார். இலத்தீன் மொழியில் பசுவுக்கு 'வாக்கா' என்று பெயர். தடுப்பு மருந்துக்கு ஆங்கிலத்தார் வழங்கும் 'வாக்சீன்' என்ற சொல் அதிலிருந்து வந்தது. மனிதகுலத்தைக் காத்த முதல் தடுப்பு மருந்தின் பெயரிலேயே பசு நின்றுகொண்டிருக்கிறது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

அக்கடனைத் திருப்பிச் செலுத்தத் தொடங்கியவர் பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர். அடைப்பான் நோய்க்கு அவர் கண்ட மருந்தைப் பலர் நம்பவில்லை. 1881-ஆம் ஆண்டு மே மாதம், பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள பூய்யி-லெ-ஃபோர் என்னும் சிற்றூரின் பண்ணையில், ஊரறிய ஒரு சோதனை நடத்தினார். 24 செம்மறிகளுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் சில மாடுகளுக்கும் இருமுறை மருந்து ஏற்றப்பட்டது. அதே அளவு ஆடுகள் மருந்தின்றி விடப்பட்டன. மே 31-ஆம் நாள் எல்லாவற்றுக்கும் வீரியமுள்ள நோய்க்கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2-ஆம் நாள் உழவரும் மருத்துவரும் செய்தியாளரும் திரண்டு வந்து பார்த்தபோது, மருந்து பெறாத ஆடுகள் மாண்டும் மாண்டுகொண்டும் கிடந்தன. மருந்து பெற்றவை எழுந்து நின்றுகொண்டிருந்தன. உழவர் கண்முன்னே, உழவர் பண்ணையிலேயே மெய்ப்பித்துக் காட்டினாரே, அதில்தான் பாஸ்டரின் பேரறிவு விளங்குகிறது. மருந்துக்குத் துணையாக நம்பிக்கையும் வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

வெக்கை கற்பித்த பாடம்

கால்நடை நோய்களுள் கொடியது வெக்கை. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், வாயில் புண், பின்னர் ஓயாத கழிச்சல், பத்து நாளுக்குள் சாவு. ஐரோப்பாவில் இந்நோய் செய்த அழிவே 1761-இல் லியோன் நகரில் உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்றக் காரணமாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவுட் புகுந்து, பல பகுதிகளில் மாடுகளில் பெரும்பங்கை வாரிக்கொண்டு போயிற்று. உழ எருதின்றி, பாலின்றி, மாடு வளர்த்த மக்களும் பசியால் மடிந்தனர். நம் நாட்டில் இந்நோயை ஆராய ஆங்கில அரசு அமைத்த குழு 1871-இல் அறிக்கை தந்தது.

1889-இல் பூனாவில் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. கொடிய கிருமிகளை மாடுகள் நிறைந்த சமவெளியில் வைத்து ஆராய்வது தீமை பயக்கும் என்று கண்டு, 1893-இல் அதனை ஏறத்தாழ 7,500 அடி உயரத்து முக்தேசுவரக் காட்டுக்கு மாற்றினர். 1897-இல் செர்மானிய அறிஞர் இராபர்ட் காக் அங்கு வந்து பார்த்தார். தொடக்கத்தில் அங்கே செய்தது, நோய்கண்டு பிழைத்த மாட்டின் குருதிநீரை எடுத்து நலமான மாட்டுக்கு ஏற்றுவது. அது சில நாட்களே காவல் தந்தது, செலவோ மிகுதி.

1920-களில் அங்கு இயக்குநராயிருந்த ஜே. டி. எட்வர்ட்ஸ் ஒரு புது வழி கண்டார். வெக்கையின் வைரஸை மாட்டிலிருந்து வெள்ளாட்டுக்கு ஏற்றி, ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்கு என்று பன்முறை கடத்திக்கொண்டே சென்றார். ஆட்டின் உடலுக்குப் பழகப் பழக, மாட்டைக் கொல்லும் வன்மையை அது இழந்தது. ஆனால் காவல் தரும் தன்மையை இழக்கவில்லை. ஒருமுறை ஏற்றினால் மாட்டின் வாழ்நாள் முழுதும் காவல், விலையும் மலிவு. இம்மருந்தை உலர்த்திப் பொடியாக்கி, நாடெங்கும் அனுப்பினர். 1954-இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, கால்நடைத் துறையினர் சிற்றூர் சிற்றூராகக் கொண்டுசென்றது பெரும்பாலும் இந்த மருந்தைத்தான்.

அதற்கும் ஒரு குறை இருந்தது. நாட்டு மாடு தாங்கிக்கொண்டது. கலப்பின மாடும் அயல்நாட்டு மாடும் மருந்தினாலேயே நலிந்தன. கென்யாவில் வால்டர் பிளௌரைட் என்ற ஆங்கில அறிஞர், கன்றின் சிறுநீரக உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, அவற்றில் வைரஸைத் தொண்ணூறு முறை கடத்தி, எவ்வின மாட்டுக்கும் தீங்கு செய்யாத மருந்தை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார்.

இனிச் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தால், தீரவில்லை. மருந்து பனிக்கட்டியில் இருந்தால்தான் உயிரோடிருக்கும். பாலைவனத்தில் மாடு மேய்ப்பவனிடம் பனிக்கட்டி ஏது? பின்னாளில் ஜெப்ரி மாரினர் என்ற அமெரிக்கர், அதே மருந்தை உலர்த்தும் முறையைச் சீர்படுத்தி, குளிர்ப்பெட்டி இன்றியே ஒரு மாத அளவு கெடாதிருக்கச் செய்தார். கிருமியும் பழையதே, மருந்தும் பழையதே. புதியது வெயிலைத் தாங்கும் திறம் ஒன்றுதான். அத்திறம் வந்தபின், கால்நடையாகச் செல்லும் ஊர்க்காரர்களே மருந்துப் புட்டியைத் தோளிற் சுமந்து, மருத்துவர் எட்டாத இடங்களுக்குக் கொண்டுசென்றனர்.

இந்தியாவில் 1995-க்குப் பின் வெக்கை காணப்படவில்லை. உலகில் கடைசியாக 2001-இல் கென்யாவில் காணப்பட்டது. 2011-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில், உலகம் வெக்கையிலிருந்து விடுபட்டது என்று உலக நிறுவனங்கள் அறிவித்தன. பெரியம்மைக்குப் பின் மனிதன் வேரோடு களைந்த நோய் இது ஒன்றே. அந்தச் சிறப்பில் இந்தக் குமாவூன் மலைக்கும் பங்குண்டு.

புதிய மருந்து உருவாகும் முறை

வெக்கையின் வரலாற்றிலிருந்தே, புதிய மருந்துக்கு வேண்டிய தகுதிகளை அறியலாம். முதற்கண், நோய்க்குரிய கிருமியைத் தனியே பிரித்தெடுக்கவேண்டும். பின்னர் அதன் வன்மையை அடக்கவேண்டும். அல்லது முற்றிலும் கொன்று, அதன் உடலை மட்டும் பயன்படுத்தவேண்டும். இக்காலத்தில் கிருமியின் ஒரு சிறு கூற்றை மட்டும் எடுத்து, வேறொரு தீங்கற்ற வைரஸின் முதுகில் ஏற்றி அனுப்பும் முறையும் கோழிகளுக்கு வழக்கில் வந்துள்ளது.

வன்மை அடங்கிய கிருமி, விலங்கின் உடலிற் புகுந்தபின் மீண்டும் கொடியதாக மாறுமா என்று பார்க்கவேண்டும். சினைப்பசுவுக்கும் இளங்கன்றுக்கும் தீங்கு உண்டா என்று பார்க்கவேண்டும். காவல் எத்தனை மாதம் நிற்கும் என்று பார்க்கவேண்டும். ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரத்தில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இவ்வளவும் முடிந்தபின் அரசின் உரிமம் பெறவேண்டும். அடுத்து, உழவன் தாங்கும் விலைக்கு அதை ஆக்கவேண்டும். மனிதர்க்குரிய மருந்தில் விலை ஒரு தடை. கால்நடைக்குரிய மருந்தில் விலையே பெருந்தடை. கோழிக்குரிய மருந்தின் விலை கோழியின் விலையை நெருங்குமாயின் யார் வாங்குவார்?

கோழியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு செய்தி. உலகிலேயே முதன்முதலாகப் புற்றுநோயைத் தடுத்த மருந்து மனிதர்க்காகப் பிறந்ததன்று, கோழிக்காகப் பிறந்தது. மாரெக் நோய் என்பது ஒரு வைரஸினால் கோழிக்கு வரும் புற்றுநோய். வான்கோழியின் தீங்கற்ற வைரஸ் ஒன்றைக் கொண்டு 1970-ஐ ஒட்டி அதற்கு மருந்து கண்டனர். இன்று பெரும்பண்ணைகளில், குஞ்சு பொரிக்கும் முன்பே, பதினெட்டாம் நாள் முட்டைக்குள்ளேயே எந்திரம் அம்மருந்தை ஏற்றிவிடுகிறது.

இராணிக்கெட்டும் அரசூரும்

முதலிற் சொன்ன இரு கதைகளுக்கு இப்போது வருகிறோம்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கோழிகள் வெள்ளையாகக் கழிந்து, கழுத்து முறுகி, கூட்டங்கூட்டமாகச் சாகும் நோயை வெள்ளைக் கழிச்சல் என்றும் இராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். இராணிக்கெட் எங்கிருக்கிறது என்று அங்குக் கேட்டால் யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். குமாவூன் மலையிலுள்ள அவ்வூரில் இந்நோயை 1927-இல் எட்வர்ட்ஸ் கண்டு எழுதினார்; ஊரின் பெயரே நோயின் பெயராயிற்று. இங்கிலாந்தில் அதற்கு முந்தைய ஆண்டு நியூகாசில் நகரருகே கண்டதனால், உலகத்தார் நியூகாசில் நோய் என்பர். நம் நாட்டு வைரஸ் ஒன்றை முட்டைக் கருவில் வளர்த்து அடக்கி, 1940-களில் முக்தேசுவரத்தில் செய்த மருந்து, இன்றும் ஆறு எட்டு வாரக் கோழிக்கு இறக்கையில் ஏற்றப்படுகிறது.

பண்ணைக் கோழிக்கு இம்முறை போதும். முற்றத்துக் கோழிக்குப் போதவில்லை. ஒரு வீட்டில் ஐந்து கோழி. அடுத்த வீட்டில் மூன்று. மருந்துப் புட்டியோ பல நூறு கோழிக்கு உரியது, திறந்தபின் சில மணி நேரமே நிற்கும், பனிக்கட்டியும் வேண்டும். பகலெல்லாம் மேயும் கோழியைப் பிடிப்பதும் எளிதன்று. இச்சிக்கலை மனத்திற் கொண்டு, ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஸ்பிராட்பிரோ என்ற அறிஞர், வெப்பம் தாங்கும் வைரஸ் வகைகளைத் தேர்ந்தெடுத்தார். கண்ணில் ஒரு சொட்டு விட்டாற் போதும் என்று செய்தார். ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் பெண்களே அதை விடுகிறார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார், கோழி கொத்தித் தின்னும் குறுணை வடிவிலேயே இந்நோய்க்கு மருந்து செய்துள்ளனர். கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். தீவனம் இடும் கையே மருந்திடும் கையாகிறது. தொழுவத்திலும் முற்றத்திலும் நின்று சிந்தித்தவர்களுக்கே இத்தகைய எண்ணம் தோன்றும்.

அரசூர் விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர். 1987-இல் அங்கு ஆடுகள் வெக்கை போன்ற ஒரு நோயால் மடிந்தன. ஆராய்ந்து பார்த்தபோது அது வெக்கை அன்று, 1942 முதல் மேற்கு ஆப்பிரிக்காவில் அறியப்பட்ட வேறொரு நோய் என்று தெளிந்தது. இன்று அதனை ஆட்டுக்கொல்லி நோய் என்கிறோம். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்ட இடம் அரசூர். அங்குப் பிரித்தெடுத்த வைரஸுக்கும் அரசூர் என்றே பெயர்.

முதலில் வெக்கை மருந்தையே ஆட்டுக்கும் ஏற்றிச் சமாளித்தனர். இரு வைரஸும் உறவின ஆகலின் அது பலித்தது. ஆனால் வெக்கை ஒழிந்தது என்று உலகுக்கு மெய்ப்பிக்கும் காலம் வந்தபோது, அம்மருந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து ஏற்றிய விலங்கின் குருதியும் நோய் கண்டு பிழைத்த விலங்கின் குருதியும் சோதனையில் ஒன்றுபோலக் காட்டுமல்லவா? ஆகவே ஆட்டுக்கொல்லிக்கென்றே தனி மருந்து தேவைப்பட்டது. அரசூர் வைரஸிலிருந்து தமிழ்நாட்டிலும், இமாசலத்தில் சுங்ரி என்னுமிடத்தில் கிடைத்த வைரஸிலிருந்து முக்தேசுவரத்திலும் மருந்துகள் எழுந்தன. ஓர் ஊசி மூன்றாண்டுக்குக் குறையாமல் காக்கிறது. இந்நோயையும் 2030-க்குள் உலகிலிருந்து ஒழிப்பது என்று 2015-இல் உலக நிறுவனங்கள் உறுதி பூண்டன. வடக்கும் தெற்கும் தத்தம் ஊர்ப்பெயரால் ஒரே நோயை எதிர்த்து நிற்பதைக் காணும்போது, இங்கு வந்து குடியேறிய நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகிறது.

காலந்தாழ்ந்தால் நேர்வது

மகிழ்ச்சியோடு நிறுத்தல் முறையன்று. அண்மையில் நாம் பெற்ற துன்பத்தையும் சொல்லவேண்டும்.

தோல் கழலை நோய் 1929-இல் ஆப்பிரிக்காவில் சாம்பியாப் பகுதியில் அறியப்பட்டது. மாட்டின் உடலெங்கும் கட்டிகள், கடுங்காய்ச்சல், பால் வற்றுதல். கொசுவும் ஈயும் உண்ணியும் பரப்புகின்றன. 2019-இல் ஒடிசா வழியாக இந்தியாவில் வெளிப்பட்டது. 2022-இல் இராசத்தானம், குசராத்து முதலிய மாநிலங்களில் தீயெனப் பரவியது. அவ்வாண்டில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் மாண்டன என்று அரசே கணக்குக் கூறியது.

நம் அறிஞர்கள் உறங்கிக் கிடக்கவில்லை. 2019-இல் இராஞ்சியில் கிடைத்த வைரஸை இஸார் நகரின் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தாரும் நம் இஸ்ஸத்நகர்க் கழகத்தாரும் சேர்ந்து அடக்கி, புதிய மருந்து ஒன்றை உருவாக்கினர். 2022 ஆகஸ்டு 10-ஆம் நாள் அது வெளியிடப்பட்டது. ஆயினும், அந்த இராஞ்சி வைரஸிலிருந்து செய்த மருந்தை விற்பனைக்கு ஆக்கும் உரிமம் ஒரு நிறுவனத்துக்கு 2025 பிப்ரவரியில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலமெல்லாம் ஆட்டம்மைக்குரிய மருந்தையே மாட்டுக்கு ஏற்றினர். உறவின வைரஸ் ஆகலின் அதுவும் ஓரளவு காத்தது. அதை ஏற்றியவர்களைக் குறைசொல்ல இடமில்லை.

சோதனைகளைக் குறைக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவசரத்தில் ஒரு தீய மருந்தைத் தொழுவத்துக்கு அனுப்பினால், உழவன் அடுத்த நல்ல மருந்தையும் நம்பமாட்டான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் வென்ற நாளுக்கும் உற்பத்திக்கு உரிமம் பெற்ற நாளுக்கும் இடையே இரண்டரை ஆண்டு கழியுமாயின், அவ்விடைவெளியில் சாகும் பசுவுக்கு யார் பொறுப்பு? உற்பத்திக்கூடமும் உரிமச் சோதனையும் நோய் வருமுன்பே ஆயத்தமாக இருக்கவேண்டும்.

கோமாரி நோயில் வேறொரு சிக்கல். அதன் வைரஸ் ஏழு வகை. ஒன்றுக்குச் செய்த மருந்து மற்றொன்றைத் தடுக்காது. நம் நாட்டு மருந்தில் மூன்று வகைகள் சேர்ந்துள்ளன. காவல் ஏறத்தாழ ஆறு மாதமே. ஆகவே ஆண்டுக்கு இருமுறை, ஐம்பது கோடி விலங்குக்கு ஊசி என்று, 2019 செப்டம்பரில் மதுராவில் பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தில் கன்று வீச்சு நோயும் சேர்ந்தது. அதற்குரிய மருந்து உயிருள்ள கிருமி. நாலு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுக்கு மட்டும் ஏற்றத்தக்கது. ஏற்றுபவரின் கையில் ஊசி தவறிக் குத்திவிட்டால் அவருக்கே அந்நோய் வரலாம். ஊசி போடும் ஊழியரையும் காக்கும் புதிய மருந்து அங்கே தேவை. இதுவும் தொழுவத்தில் நின்று பார்ப்பவர்க்கே தெரியும் குறை.

வாயிலில் காத்திருக்கும் நாய்

நகரத்தார் பலர், "எங்களிடம் மாடும் இல்லை, ஆடும் இல்லை" என்பீர்கள். நாய் இருக்கிறதல்லவா? உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் தெருவில் இருக்கிறது.

வெறிநோய் வந்தபின் பிழைத்தோர் அரியர். பாஸ்டர் 1885-இல் ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு இந்நோயின் மருந்தை ஏற்றினார். நம் நாட்டில் கசௌலியில் 1911-இல் செம்பிள் என்பவர் ஆட்டின் மூளையிலிருந்து ஒரு மருந்து செய்தார். குன்னூர்ப் பாஸ்டர் நிலையமும் 1907 முதல் தென்னாட்டுக்குத் தொண்டு செய்து வருகிறது. வயிற்றில் நாளும் ஊசி என்று நம் பெற்றோர் அஞ்சியது மூளை மருந்தைத்தான். பக்கவிளைவுகள் கொண்ட அம்முறை 2004-இல் கைவிடப்பட்டு, உயிரணு வளர்ப்பில் செய்த நல்ல மருந்து வந்தது.

மருந்து இவ்வளவு முன்னேறியும், உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாகவும், அவருள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவருள் சிறுவர் மிகுதி. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டுவந்தால் நோய்த்தொடர் அறுந்துவிடும். கோவா மாநிலத்தில் இவ்வழியை விடாது பின்பற்றியதனால், 2021-இல் வெறிநோய் கட்டுக்குள் வந்த மாநிலம் என்று அறிவிக்க முடிந்தது. புதிய மருந்து கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க இங்கே காரணமில்லை. இருக்கும் மருந்து நாயைச் சென்று அடையவில்லை, அதுவே குறை.

வீட்டு நாய்க்குட்டி வைத்திருப்போர்க்கு ஒரு சொல். 1978-இல் பார்வோ என்னும் புதிய வைரஸ் தோன்றி உலகெங்கும் குட்டிகளைக் கொன்றது. ஓரிரு ஆண்டுக்குள் அதற்கு மருந்து வந்தது. ஆனால் தாய்ப்பாலில் பெற்ற காவல் குட்டியின் உடலில் இருக்கும்வரை, மருந்தை அது செயற்படவிடாது. அக்காவல் எந்த வாரத்தில் தேயும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறாம் வாரம் வரை, சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப ஊசி. "ஒன்று போட்டாயிற்றே" என்று நிறுத்திவிடும் குட்டியே பெரும்பாலும் மடிகிறது.

நாம் செய்யத்தக்கது

அன்பர்களே! ஊரைவிட்டு வந்த நாம் என்ன செய்யமுடியும் என்று கேட்கலாம். மூன்று காரியம் செய்யலாம்.

ஒன்று: சொந்த ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, மழை பெய்ததா என்று கேட்பதோடு, ஆட்டுக்கு ஊசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். ஊசி முகாம் நாளன்று கன்றைக் கட்டிவைக்க ஆளில்லாமல் விடும் வீடுகள் பல. நீங்கள் கேட்பது ஒரு நினைவூட்டல்.

இரண்டு: இந்நகரில் நம் தெரு நாய்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வெறிநோய் ஊசி போட நம் சங்கமே முன்நின்று ஏற்பாடு செய்யலாம். மருத்துவரை அழைப்பதும், நாயைப் பிடிக்க உதவுவதும், ஊசி போட்டவற்றுக்கு அடையாளம் இடுவதும் நம் இளைஞர்க்கு இயலாத பணியல்ல. விழா மலருக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதி போதும்.

மூன்று: நம் பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆகவேண்டும் என்று விரும்புகிறோம். அவர்களுள் ஒருவராவது கால்நடை மருத்துவம் கற்க விரும்பினால் தடுக்காதீர்கள். "மாட்டு டாக்டரா?" என்று நகையாடாதீர்கள். வெக்கையை ஒழித்தவர்கள் மாட்டு டாக்டர்கள்தாம். வெயிலிலும் மழையிலும் மருந்துப் பெட்டியைச் சுமந்து வீடு வீடாகச் சென்ற, பெயர் தெரியாத ஊசி ஊழியர்களும் அவ்வெற்றியில் பங்காளிகள். அவர்கள் நம் தெருவுக்கு வரும்போது ஒரு குவளை மோர் கொடுத்து, கன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பசு தன் நோவை எடுத்துச் சொல்லாது. ஆடு மனுக் கொடுக்காது. அவற்றுக்காகப் பேசவேண்டியவர்கள் நாம்.